பூக்கடை பில்லிங் மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'சீட்டில் நேரம் தப்பு', 'காலையில் சர்வர் கட்டாகுது' என்ற இரண்டு புகாரையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, இரண்டையும் 'முடிந்தது' என்று மூடிவிட்டீர்கள். இரண்டும் ஒரே கோளாறு, ஐயா.

மாட்டுத்தாவணியில் எங்கள் கடைக்குச் சாயங்காலம் 6 மணிக்குக் கடைசி சீட்டு. சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை சீட்டுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில், தானே அறுத்துவிடும். யாரும் மாற்றி வைக்காதவரை அதுதான் கணக்கு. அதனால்தான் விடிகாலை முதல் சீட்டுக்கு 'சர்வர் போய்விட்டது' என்ற பிழை 2006 வருகிறது. மறுபடி அழுத்தினால் புதுக் கனெக்‌ஷன் கிடைத்துவிடும். வினையே அங்கேதான். மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் டைம் ஸோனை +05:30 என்று, அதாவது இந்திய நேரமாக, வைக்கிறீர்கள். இடையில் பிறந்த கனெக்‌ஷனுக்கு அது தெரியாது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் சர்வரின் யூடிசி (உலகப் பொது) நேரத்தையே பிடித்துக்கொள்கிறது.

போன முகூர்த்தத்தன்று உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் மல்லி கொண்டுவந்தார். விடிகாலை 4.30 மணிக்குப் போட்ட சீட்டில் முந்தின நாள் இரவு 11 மணி என்று அடித்திருந்தது. விலை ஏறிக் கிடந்த நாளில் அவர் கணக்கு நேற்றைய விலையில் விழுந்துவிட்டது. "நேத்து ராத்திரி நான் பூவே பறிக்கலையேப்பா, இது யாரு சீட்டு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் உள்ள சீட்டை எந்த விவசாயி நம்புவார்?

'மூடிட்டுத் திறங்க சார்' என்கிறீர்கள். திறந்தால் சரியாகத்தான் வரும், டைம் ஸோன் மறுபடி அமைகிறதே! அதையே வைத்தியம் என்று நம்பி நீங்களும் நோயைத் தேடவில்லை. மூடித் திறந்த பிறகும் பழைய சீட்டுகள் தப்பாகவே நிற்பதைப் பார்த்தால், நேரத்தை டைம்ஸ்டாம்பாக இல்லாமல், எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும் டேட்டைமாக வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. டைம்ஸ்டாம்ப் என்றால் உள்ளே யூடிசியாக நின்று, பார்க்கும்போது நம் நேரத்துக்கு மாறியிருக்கும். ஆண்டுச் சந்தா கேட்டு வரும் எஸ்எம்எஸ் மட்டும் இந்திய நேரப்படி ஒரு நிமிடம் பிசகுவதில்லை. அதை எழுதியவரையே இதற்கும் அனுப்பலாமே.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஒவ்வொரு புதுக் கனெக்‌ஷனிலும் டைம் ஸோனை அமையுங்கள். சீட்டுப் போடுமுன் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வையுங்கள். ஏற்கெனவே தப்பாக விழுந்த வரிகளையும் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் முடித்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவன்,
மதுரை