இடிமேகத்தைச் சுற்றி ஒரு வழி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியிருப்பதில் மகிழ்ச்சி. சென்ற மாதப் பயணத்தில் விமானம் அப்படிக் குலுங்கியதே, விமானிகளிடம் ராடார் இருந்தும் ஏன் விலகிப் போகவில்லை என்று கேட்டிருந்தாய்.

அந்த ராடார் காற்றைக் காட்டுவதில்லை, நீரைக் காட்டுகிறது. துளிகளின் அசைவை வைத்துக் குலுக்கலை ஊகிக்கும் வசதி இப்போது உண்டு. ஆனால் துளியே இல்லாத காற்றில் அதற்குக் கண் தெரியாது. மேகத்தின் உச்சியில் இருக்கும் பனிப்படிகங்களும் அதில் மங்கலாகவே தெரியும்.

போன வாரம் நிலவில்லாத இரவு, 37,000 அடி உயரம். திரையில் இளம்பச்சையாக ஒரு திட்டுதான் இருந்தது. ராடார் அனுப்பும் அலையைச் சற்றே கீழே சாய்த்தேன். அதே இடம் சிவந்தது, அதாவது கீழே கனமழை. வெப்பமண்டலத்தில் இத்தகைய இடிமேகங்கள் 50,000 அடியையும் தாண்டி வளர்வதால் மேலே ஏறிக் கடக்கும் பேச்சுக்கே இடமில்லை. குறைந்தது 20 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர், அதுவும் கூடுமானவரை காற்று வரும் பக்கமாகவே விலக வேண்டும். ஆலங்கட்டியும் கொந்தளிப்பும் மறுபக்கத்தில்தான் வந்து விழும். தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் வழி கேட்டேன். பக்கத்தில் இன்னொரு விமானம் இருந்ததால் அனுமதி வர இரண்டு நிமிடம் ஆயிற்று. நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் பறக்கிறவனுக்கு அது சிறிய நேரமன்று.

ஆகவே விளிம்பை ஒட்டித்தான் போக நேர்ந்தது. சீட் பெல்ட் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மின்னல் கண்ணைக் கூசவைக்காதிருக்க விமானி அறை விளக்குகளை முழுவதும் ஏற்றினோம். துணை விமானியின் பேனா மடியிலிருந்து எழும்பி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. உயரம் இருநூறு அடி ஏறி இறங்கியது, அதைச் சரிசெய்யத் துரத்தவில்லை. மூக்கின் நிலையையும் இறக்கைகளின் சமநிலையையும் ஆட்டோபைலட் காக்கிறதா என்பதை மட்டும் கவனித்தோம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் ஏர் பிரான்ஸ் 447-இன் வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்து, ஆட்டோபைலட்டும் விலகியபோது, மூக்கு மேலே இழுக்கப்பட்டது. விமானம் தாங்குவிசையை இழந்து விழுந்ததில் 228 பேர் மாண்டார்கள். அந்த இரவை நினைக்காமல் நான் ஒரு புயலையும் கடந்ததில்லை.

உன் விமானத்துக்கும் இதுபோல் ஏதோ நடந்திருக்கலாம். இறக்கைகள் முறிந்துவிடுமோ என்று கவலைப்படாதே. இத்தகைய குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட்டைக் கழற்றியவர்களே.

அடுத்த வாரம் அதே தடத்தில் மறுபடி போகிறேன். இம்முறை மேகத்துக்கு 80 கடல் மைல் முன்பே வழி கேட்பதாக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்