வாசலில் எத்தனை படி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நேற்று போனில் அவசரமாக வைத்துவிட்டாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது.

குடியேறிகளைப் பற்றிய கட்டுரைக்கு 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எடுக்கிறேன் என்றாய். நல்ல நாவல்தான், நான் வகுப்பில் நடத்தியதும்கூட. சொந்த நாட்டுக்குள்ளேயே ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்களை 'ஓக்கி' என்று ஏசியதைப் படிக்கும்போது இப்போதும் மனசு பதறும். சரி, அதை எழுது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் படகு ஏறி ஏஞ்சல் தீவுக்குப் போய்விட்டு வா.

1910 முதல் 1940 வரை சீனாவிலிருந்து வந்தவர்களை அங்கேதான் அடைத்து வைத்து விசாரித்தார்கள். வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில். அவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள், பெரும்பாலும் பெயர்கூடப் போடாமல். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தும் எழுத்து போகவில்லை. கட்டடத்தை இடிக்க இருந்த சமயம், 1970இல், பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கவனித்தார். இருநூறுக்கும் மேல் தேறின. பெண்களை வைத்திருந்த கட்டடம் 1940இல் தீயில் போய்விட்டது. அவர்கள் சுவரில் என்ன எழுதியிருந்தார்களோ! எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்கு வரக்கூடாது என்று 1882லேயே சட்டம். 1906இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தோடு வந்த தீயில் ஊரின் பிறப்புப் பதிவுகள் எரிந்தன. அப்புறம், அங்கேயே பிறந்த குடிமகன் என்று சொல்லிக்கொண்டவரின் மகனாகக் காகிதம் வாங்கிப் பலர் கப்பல் ஏறினார்கள். அந்தக் குடும்ப விவரம் எழுதிய தாளை முழுக்க மனப்பாடம் செய்து, கரை வருமுன் அதைக் கடலில் எறிந்துவிடுவார்களாம். விசாரணையில் கேள்வி இப்படி வரும்: வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசி வைப்பது எங்கே? அப்பா ஒன்று சொல்லி மகன் வேறு சொன்னால் போச்சு. பெற்ற பிள்ளையே ஆனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சுவரையும் இந்தக் கேள்விகளையும் உன் கட்டுரையில் சேர்த்துக்கொள், அம்மாவுக்காக.

இதைப் படித்த அன்று நம் வாசலில் போய் நின்றேன். நீ போகும்போது ஐந்து படி. இந்த வருஷம் தெருவை உயர்த்தி ரோடு போட்டதில் கீழ்ப்படி புதைந்துவிட்டது. இப்போது நாலுதான். அரிசி டிரம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா