உப்பளக் கரையில் எங்களோடு உழைத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், வேதாரண்யம் வட்டத்தில் உப்பளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் ஜெபவீட்டையும் அதனைச் சுற்றியிருந்த வீடுகளையும் கூரையின்றி விட்டுச் சென்றது. அவற்றைப் பழுதுபார்ப்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து எங்கள் சேகரத்தார் (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரத்தார்) 22 பேர் 2019 மே 6 முதல் 14 வரை அங்கே தங்கிப் பணியாற்றித் திரும்பினோம். ஜெபவீடும் ஆறு வீடுகளும் முடிந்தன. இரண்டு வீடுகள் எஞ்சியுள்ளன.

முதல் நன்றி அவ்வூர்க் கொத்தனாருக்கு உரியது. தம் வீட்டுக்கு இன்னும் தார்ப்பாயே கூரையாக இருந்த நிலையிலும் ஒன்பது நாளும் எங்களோடு நின்றவர் அவர். சென்ற அன்று மாலையே, ஜெபவீட்டின் பின்புறமுள்ள அடிபம்புத் தண்ணீரில் கலவை போடத் தொடங்கிய எங்களைத் தடுத்து, அந்நீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கச் சொன்னார், கரித்தது. உப்பு நீரில் குழைத்த பூச்சு சில மழைக்காலங்களில் பூத்து உதிரும் என்பதையும், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டையே வெடிக்கச் செய்யும் என்பதையும், அதே ஜெபவீட்டின் உத்தரத்தைக் காட்டி விளக்கினார். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தில் உப்பு அள்ளப் போனவர்களால் பெயர்பெற்ற மண் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு சென்ற எங்களுக்கு, அந்த உப்பு சுவருக்குள்ளும் இருக்கும் என்பது தோன்றவில்லை.

அதன்பின் நல்ல தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி டிராக்டரில் கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். முதல் இரண்டு நாள் டீசலுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டார்; மூன்றாம் நாள் அதையும் மறுத்துவிட்டார். தம் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டதால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற நிலை வந்தபோது, கடைசி இரு நாட்களுக்குத் தம் மகனை வண்டியோடு அனுப்பிவைத்தார். ஐயா, உங்களுக்கும் தம்பிக்கும் எங்கள் வணக்கம்.

கூரை வேலையில், எங்கள் சபையின் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் வழிகாட்டுதல் பெரிதும் உதவியது. புயற்காற்று ஓரத்தில் புகுந்து கூரையைத் தூக்கி எறிவதால், தகடுகளை வெறும் ஆணியால் அடிக்காமல் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போல்ட்டுகளால் முடுக்க வேண்டும் என்றும், ஓரங்களிலும் மூலைகளிலும் அவற்றை நெருக்கமாக இட வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். தகடுகளின் நீளத்தைத் தவறாக எழுதிக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். ஆயினும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்த வேதாரண்யம் கடைக்காரருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மே மாதம் அங்கே உப்பு வாரும் காலம். விடியுமுன் உப்பளத்துக்குச் சென்று வெயில் ஏறியபின் திரும்பும் பெண்கள், கால் கழுவிய ஈரம் காயுமுன் சல்லிச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நண்பகலுக்குமேல் எங்கள் வாலிபர்கள் நிழல் தேடியதையும், அந்த அம்மாமார் தேடாததையும் இங்கே மறைப்பதற்கில்லை. கூலி பேசாமல் சாரம் கட்டிக்கொடுத்த இளைஞர்களுக்கும், நாங்கள் தங்குவதற்குத் தம் தோப்பு வீட்டைத் திறந்துவிட்டு, சாய்ந்து கிடந்த தென்னைகளின் நடுவிலும் தினமும் எங்களுக்கு இளநீர் தேடித் தந்த பெரியவருக்கும் நன்றி.

ஊரிலிருந்தபடியே தாங்கியவர்களையும் நினைவுகூர்கிறோம். லெந்து என்னும் தவக்கால நாட்களில் சேமித்ததைக் கொடுத்த குடும்பங்களும், உண்டியலை அப்படியே கொண்டுவந்து வைத்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும், அரிசி பருப்போடு, சபை விருந்துக்குச் சமைக்கும் அசனக் கிடாரத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் இல்லாமல் இப்பயணம் புறப்பட்டிருக்காது. வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஐயமிருப்பவர் தயங்காமல் கேட்கலாம்.

எஞ்சிய இரண்டு வீடுகளில் ஒன்று கொத்தனாருடையது. தம்முடையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே தள்ளிவைத்தார்; நாங்களும் அதற்கு இணங்கியிருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் மீண்டும் வருகிறோம். அசனக் கிடாரத்தின் மூடியை அவர் வீட்டுத் திண்ணையிலேயே மறந்து வந்துவிட்டோம். அதுவரை அது அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேகரப் பணிக்குழுவின் சார்பில்,
செயலாளர்