கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோவில் இ.எம்.டி. படிக்கும் மகனுக்கு

அன்பு மக்களே,

போன ஞாயிறு ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியம்மா, "டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொன்ன பிள்ளை, இப்ப என்ன ஆம்புலன்ஸ் கோர்ஸ்ல போய்ச் சேர்ந்திருக்கு?" என்று கேட்டதும், நீ கொஞ்சமும் யோசிக்காமல், "மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்ல பேஷண்ட்டோட இருந்த மணிநேரம் காட்டணும் பெரியம்மா, அதுக்காகத்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றாய். பெரியம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகவே இருக்கட்டும். எனக்கு அது மனசில் கிடந்து உறுத்துகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தமிழில் இருப்பதால் மெதுவாகத்தான் படிப்பாய், எனக்கு அதுதான் வேண்டும்.

நீ படித்துக்கொண்டிருக்கும் இ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் போய் முதலுதவி செய்து நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது, ஒரு முழு வேலை. வேறு எங்கோ போகும் வழியில் கொஞ்ச நாள் ஒதுங்கி நிற்கும் இடமாக அதை நினைக்காதே. ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் நிற்கிற நர்ஸாக இரண்டு நாட்டில் நின்றிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

நாகர்கோவில் பக்கம் நான் கேஷுவல்டியில் டியூட்டி பார்த்த காலத்தில் 108 கிடையாது. தமிழ்நாட்டில் அது வந்ததே 2008 செப்டம்பரில்தான், அதற்குள் நாம் இங்கே வந்துவிட்டோம். அப்போதெல்லாம் அடிபட்டவர்கள் ஆட்டோவில் வருவார்கள், மீன் ஏற்றும் டெம்போவில் வருவார்கள். தென்னையில் இருந்து விழுந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், தலை மட்டும் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். கழுத்தெலும்பு விழுந்தபோது போனதா, தூக்கி வந்தபோது போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை மணிக்கு விழுந்தார், விழுந்ததும் பேசினாரா, மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டால், கொண்டுவந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வழியில் போனவர்கள், நல்ல மனசோடு செய்தார்கள், அவ்வளவுதான். டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, ரத்தம்கூட சில நேரம் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஆள்தான் இல்லை.

அமெரிக்காவில் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. 1966-இல் இங்கே தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்கிறவர்கள். ஆளைப் படுக்க வைக்கிற நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது, அதுதான் காரணம். உடன் வருகிறவருக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதே 1966-இல் பிட்ஸ்பர்க்கில் டாக்டர் பீட்டர் சாஃபர், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற, இன்றைக்கு நீ டம்மியின் மேல் பழகுகிற சி.பி.ஆர். உருவாவதில் பெரிய பங்கு இருந்த மனிதர், தன் சின்ன மகளை ஆஸ்துமாவில் இழந்தார். அடுத்த வருஷம் அந்த ஊரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ஏறக்குறைய 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆம்புலன்ஸ் சேவைக்கு ஃப்ரீடம் ஹவுஸ் என்று பெயர். வண்டியிலேயே வைத்தியத்தைத் தொடங்குகிற வேலையை இந்த நாட்டில் முதலில் செய்து காட்டியவர்களில் அவர்கள் முன்வரிசை. 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைக் கொண்டுவந்து அவர்களுடையதை மூடிவிட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தப் பையன்கள் யாரும் மெடிக்கல் ஸ்கூல் ஃபாரத்தை நிரப்புவதற்காக வண்டியில் ஏறவில்லை. தங்கள் தெருவில் இருக்கிறவர்கள் சாகக்கூடாது என்று ஏறினார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி எங்கள் பெட்டுக்கு வரும்போது வெறும் ஆளாகத்தான் வருகிறார். கவுன் மாட்டி, கையில் பட்டை கட்டி, நம்பர் போட்டுவிடுவோம். அவர் வீட்டை நாங்கள் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. டாக்டரும் பார்க்க மாட்டார், ஸ்பெஷலிஸ்ட்டும் பார்க்க மாட்டார். நீயும் உன் பார்ட்னரும்தான் அந்த வீட்டுக்குள் போனவர்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரியும். நீ பார்த்துச் சொல்லாவிட்டால் அது அங்கேயே போயிற்று.

ஒரு குளிர்காலத்தில், கரண்ட் போயிருந்த இரவு, ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். தலைவலி, வாந்தி, கொஞ்சம் குழப்பமான பேச்சு. விரலில் மாட்டும் மெஷின் ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. வயிற்றுக் கோளாறு என்று ஓர் ஓரமாக உட்கார வைத்திருப்போம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்த இ.எம்.டி. பெண், உன் வயசுதான் இருக்கும், "வீட்டுக்குள்ள கரி அடுப்பு மூட்டி வச்சிருந்தாங்க, பூனைகூட அசையாமக் கிடந்துச்சு, பேரனுக்கும் தலை வலிக்குதாம், அவனையும் கூட்டிட்டு வந்துட்டோம்" என்றாள். கார்பன் மோனாக்சைடு. அந்த விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தாலும் விரல் மெஷின் சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், நீ வகுப்பில் படித்திருப்பாய். பாட்டியும் பேரனும் பிழைத்தார்கள். அந்தப் பெண் எந்த ஊசியும் போடவில்லை, எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஆக்சிஜன் மாஸ்க் வைத்தாள், பூனையைப் பார்த்தாள்.

அதனால் உள்ளே நுழையும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள். மாத்திரை டப்பாக்களை ஒன்று விடாமல் பையில் போட்டுக்கொண்டு வா, எது தீர்ந்திருக்கிறது, எது தொடாமலே இருக்கிறது என்று பார். சர்க்கரை நோயாளி என்றால் ஃப்ரிட்ஜைத் திறந்து பார், இன்சுலின் இருந்து சாப்பாடு இல்லாத வீடுகள் எத்தனையோ. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், வாய் கோணியிருப்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம். கடைசியாக நன்றாக இருந்ததை யார் பார்த்தார்கள், மணி என்ன, அதை மட்டும் கேட்டு வாங்காமல் அந்த வீட்டைவிட்டு வெளியே வராதே. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அந்தக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முடிந்தால் பார்த்தவரின் போன் நம்பரும் வாங்கிக்கொள். கார் விபத்து என்றால் ஸ்டியரிங் வளைந்திருந்ததா, கண்ணாடி உள்பக்கமிருந்து உடைந்திருந்ததா என்று போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் (உன் கம்பெனி விதி அனுமதித்தால் மட்டும்) டாக்டர் எந்த உறுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார். இதையெல்லாம் எங்களிடம் ஒப்படைக்கும்போது ஒரு நிமிஷத்துக்குள் சொல்லப் பழகு. யார், என்ன வயசு, என்ன நடந்தது, நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அதற்கப்புறம் எப்படி மாறினார். சில நர்ஸுகள் உன்னைப் பார்க்காமலே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பார்கள். தயங்காதே, குரலை உயர்த்திச் சொல்.

ஸ்கில்ஸ் லேபில் ஒவ்வொரு தடவையும் "பி.எஸ்.ஐ., சீன் சேஃப்" (கையுறை மாதிரி பாதுகாப்பு போட்டாச்சு, இடத்தில் ஆபத்தில்லை) என்று கத்திவிட்டுத் தொடங்குகிறீர்கள், அது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னாய். பரீட்சையில் அதை விட்டால் ஃபெயில், அவ்வளவுதான். நீ இருக்கிற ஊரில் அது உன் உயிர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தச் சமவெளியில் டூலே என்கிற அடர்ந்த மூடுபனி இறங்கும்போது ஹைவே 99-இல் முன்னால் நிற்கும் வண்டி தெரியாது, ஒன்றின் மேல் ஒன்றாக வந்து மோதும். முதல் விபத்துக்கு உதவப் போனவர்களை இரண்டாவது வண்டி அடித்த கதைகள் எங்கள் பக்கமும் வரும். ரோட்டில் கால் வைப்பதற்கு முன் தலையைத் திருப்பிப் பார். அம்மாவுக்காக.

கோடையில் வேறு கதை. 100 டிகிரிக்கு மேல் வெயில், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் உளறிக்கொண்டு விழுந்து கிடப்பார். வெளியில் வேலை செய்பவர்களை வெயிலில் இருந்து காக்க 2005-இலேயே கலிஃபோர்னியா விதி கொண்டுவந்துவிட்டது, நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று. அப்படியும் விழுகிறார்கள். உளறுகிறார் என்றால் குடித்திருக்கிறார் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, முதலில் குளிர வை. ஸ்பானிஷ் கொஞ்சம் படி. "தோந்தே லெ துவேலே" என்று எங்கே வலிக்கிறது என்பதைக் கேட்கத் தெரிந்தாலே அந்த முகம் மாறும். அந்த ஊரில் பஞ்சாபியும், தென்கிழக்கு ஆசியாவில் இருந்து வந்தவர்களின் ஹ்மாங் மொழியும் பேசுகிறவர்களும் நிறைய. நம் வீட்டுத் தாத்தா ஒருவர் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யூனிஃபார்மில் இரண்டு பேர் வந்து அவருக்குப் புரியாத பாஷையில் வேகமாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்.

நீ படிக்கிற மாதிரி கம்யூனிட்டி காலேஜ், குறைந்த செலவில் யாரும் சேரக்கூடிய உள்ளூர் காலேஜ், என்றால் நம் ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிப்பதே இல்லை. ஒரு யூனிட் பாடத்துக்கு 46 டாலர் வாங்கிக்கொண்டு ஓர் உயிரைப் பிடித்து வைக்கும் கையை உருவாக்கித் தருகிற இடம் அது. பட்டாளத்தில் இருந்து வந்தவர், ராத்திரி பேக்கிங் ஷெட்டில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிற இரண்டு பிள்ளைகளின் அம்மா என்று உன் வகுப்பில் இருப்பவர்களைப் பற்றிச் சொன்னாயே, அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படி. உனக்கு பயாலஜி டிகிரி இருக்கிறது, அவர்களுக்குப் பதற்றப்படும் மனிதரிடம் பேசத் தெரியும். மாநில விதிப்படி குறைந்தது 170 மணி நேரப் பயிற்சியில் 24 மணிதான் உண்மையான நோயாளிகளோடு, பத்துப் பேரைப் பார்த்தால் போதும். அந்தப் பத்தோடு நிறுத்திவிடாதே, ஷிஃப்ட் முழுக்க கூடவே நின்று பார். படிப்பு முடிந்ததும் கம்ப்யூட்டரில் எழுதும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி பரீட்சையில் 70-ஆவது கேள்வியிலேயே ஸ்கிரீன் நின்றுவிட்டால் பயப்படாதே, உன் பதிலைப் பொறுத்து 120 வரை எங்கே வேண்டுமானாலும் அது நிற்கும்.

முதல் வேலை அநேகமாகத் தனியார் கம்பெனியில்தான் கிடைக்கும், சைரன் போடாமல் நோயாளிகளை இங்கிருந்து அங்கே மாற்றுவது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். பலருக்கு அந்த வேலை அலுப்பு. ஒரே மனிதரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால், இன்றைக்கு இவர் கால் அதிகம் வீங்கியிருக்கிறது, மூச்சு இழுக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கப் போவது நீதான். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்த்துவிடாதே. சம்பளம் குறைவு. பெரிய ஃபாஸ்ட்ஃபுட் செயின் கடையில் நிற்பவருக்கு 2024 ஏப்ரலில் இருந்து மணிக்கு 20 டாலர் என்று சட்டம் இருக்கிறது, புதிதாகச் சேரும் பல இ.எம்.டி.களுக்கு ஏறக்குறைய அதே அளவுதான். அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, உங்களுக்குக் கொடுக்காததில்தான் கோபம். வாடகைக்குக் குறைந்தால் கேள், அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், ஆட்கள் சாவார்கள். நெஞ்சை அழுத்துவது நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செண்டிமீட்டர் ஆழம், எல்லாம் சரியாகச் செய்தும் சாவார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புகிறவர்கள் இந்த நாட்டில் பத்துக்கு ஒருவர்தான். விலா எலும்பு உடைவது கையில் தெரியும், நிறுத்தாதே, அது உன் தப்பு இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைக்கே கூப்பிடு. ராத்திரி மூன்று மணி என்றாலும் கூப்பிடு, நைட் டியூட்டியில் இருந்தால் பிரேக்கில் திருப்பி அழைக்கிறேன். எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரிந்த விஷயம்தானே. குழந்தை என்றால் கண்டிப்பாகக் கூப்பிடு.

நாளைக்கு நீ மெடிக்கல் ஸ்கூலுக்குப் போனால் எனக்கு மறுப்பு கிடையாது, சந்தோஷம்தான். போகாமல் இ.எம்.டி.க்கு அடுத்த மேல்படியான பாராமெடிக் ஆனாலும் அதே சந்தோஷம், பெரியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரை உன் கணக்கில் ஒரு மணிநேரமாக மட்டும் பார்க்காதே, அதைத்தான் கேட்கிறேன்.

உன் ஹெபடைடிஸ் பி ஊசிச் சீட்டைப் பழைய ஃபைலில் தேடி எடுத்துவிட்டேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். டி.பி. டெஸ்ட் புதிதாக எடுத்தால்தான் கிளினிக்கல் போக விடுவார்கள், இந்த வாரமே போய்விடு. வண்டி ஓட்டுவதாக இருந்தால் லைசென்ஸ் கொடுக்கிற டி.எம்.வி. ஆபீஸில் ஆம்புலன்ஸ் டிரைவர் சர்டிஃபிகேட் தனியாக வாங்க வேண்டும், அதற்கு மெடிக்கல் செக்கப்பும் உண்டு, கடைசி நேரத்துக்கு வைக்காதே. தூக்கும்போது முதுகை வளைக்காதே, கனமான ஆளென்றால் இன்னொரு குழுவைக் கூப்பிடச் சொல், இந்த வேலையில் பலரை வீட்டில் உட்கார வைத்தது முதுகுதான். பூட்ஸ் நல்லதாக வாங்கு, காசு நான் போடுகிறேன்.

அம்மா