பெட்டியையும் எஞ்சினையும் பிரித்துவிடாதே

நிபோங் திபால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது, பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். ஊர்ச் செய்தியைப் பிறகு எழுதுகிறேன். நீ ஆவலாகக் கேட்டது உன் அப்பாவின் படகு எஞ்சினையும் அது வந்த மரப்பெட்டியையும் விற்பதைப் பற்றித்தான். எஞ்சினை 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதே. காப்பிக்கடையை அலங்கரிக்கப் பெட்டியை மட்டும் கேட்கிறாரே ஒருவர், அவருக்கும் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உன் அப்பா வீட்டுக்குப் போனேன். உன் தம்பி சாவியோடு காத்திருந்தான். பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, ஜன்னல் பக்கம் வைத்து, மத்தியானம் வரை பார்த்தேன். இந்த ஆற்றோரத்தில் நான் கழற்றிப் பூட்டிய எஞ்சின்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒருமுறைகூடத் தண்ணீரைத் தொடாத சீகல் எஞ்சினை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ எழுதியிருந்தது சரிதான், அது பிரிட்டிஷ் சீகல்தான். 1931இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் மார்ஸ்டன் நிறுவனம் தொடங்கிய வரிசை. பிறகு டோர்செட்டிலுள்ள பூல் நகரத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக நிறையச் செய்தார்கள், அதன் பின் உலகம் முழுவதும் விற்றார்கள். உன் அப்பாவுடையது 102 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். மூடி கிடையாது, பிளைவீல் திறந்தே இருக்கும். கயிற்றைக் கையால் சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும், பின்னோக்கிப் போகவும் முடியாது. பெட்ரோலில் பத்துக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும் என்பதால் புகை ஆற்றையே மறைக்கும். இன்றைக்கு மீன் பிடிக்கப் போகிறவர் யாரும் இதை வாங்க மாட்டார், யமஹாவைத்தான் கேட்பார். ஆகவே ‘ஓடுமா’ என்ற கேள்வியை வைத்து இதற்கு விலை போட்டால் இரும்புக்காரர் சொன்ன விலையை ஒட்டித்தான் நிற்கும்.

நம் கேள்வி வேறு. இது எவ்வளவு தூரம் கை படாமல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் அத்தனை நேரம் உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், முனை வெள்ளையாக இருந்தது, கரியின் தடயமே இல்லை. புகைக்குழாயின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். தேன் நிறத்தில் பழைய எண்ணெய் வந்தது, புகைக்கரி வரவில்லை. புரொப்பெல்லரின் விளிம்பில் வார்ப்பின் மெல்லிய கோடு அப்படியே இருக்கிறது. ஒருமுறை மணலில் உரசியிருந்தாலும் அது மழுங்கியிருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் கம்பிச்சுருளில் துரு இல்லை. படகின் பின்பலகையில் மாட்டும் கவ்வியைத் திருப்பிப் பார்த்தேன், பலகை அழுத்திய வடு எதுவும் இல்லை. கியர்பெட்டியின் திருகுத் தலையில் ஸ்குரூடிரைவர் வழுக்கிய கீறலும் இல்லை. ஓட்டவே இல்லை என்று விற்பவர் வாயால் சொல்வதை எவரும் நம்ப மாட்டார், இந்த அடையாளங்களைத்தான் நம்புவார். கிளப்புவதற்கான கயிறு இன்னும் சுருட்டிக் கட்டியபடியே கிடக்கிறது. அதன் மரப்பிடியின் மெருகு குலையவில்லை.

பிறகு எஞ்சின் எண். கிராங்க்கேஸில் குத்தியிருக்கிறது. முன்னெழுத்துகள் எந்த வகை என்பதைச் சொல்லும், கடைசியில் வரும் எழுத்தும் இலக்கமும் மாதத்தையும் ஆண்டையும் காட்டும். இதில் கடைசி இலக்கம் 8. பெட்டிக்குள் மெழுகுத்தாளுக்கு அடியில் கிடந்த பினாங்குக் கடையின் பில்லில் ஆண்டு 1969. 1968இல் செய்து, கப்பலேறி வந்து, மறு ஆண்டு விற்றிருக்கிறது. பினாங்குப் பாலம் 1985இல்தானே திறந்தது, அதனால் பட்டர்வொர்த்துக்கு பெர்ரியில் வந்திருக்கும். அந்தப் பில்லில் இதே எஞ்சின் எண் கையால் எழுதியிருக்கிறது. பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் அதே எண். மூன்றும் பொருந்துகின்றன. நண்பா, இந்த எஞ்சினில் பெரிய காசு இருக்கும் இடம் அதுதான். பயன்படுத்தும் முறை சொல்லும் சிறு புத்தகம், நிரப்பாத உத்தரவாத அட்டை, எஞ்சினில் நூலால் கட்டிய சீட்டு, எல்லாம் இருக்கின்றன. உத்தரவாத அட்டையில் யாரும் பெயர் எழுதிவிடக் கூடாது என்று உன் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சீகல் அரிய எஞ்சின் இல்லை. ஏராளமாகச் செய்தார்கள், உதிரிப் பாகம் இன்றும் இங்கிலாந்தில் கிடைக்கிறது. ஓடித் தேய்ந்தது அங்கே நூறு, இருநூறு பவுண்டுக்குக் கைமாறும். அரிது எதுவென்றால் பெட்டி, பில், புத்தகம், எஞ்சின் நான்கும் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருப்பது. பெட்டியைக் காப்பிக்கடைக்காரருக்கு விற்றால் கையில் கொஞ்சம் காசு வரும்தான். ஆனால் மறுநாளே எஞ்சின் இருநூறு பவுண்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

இணையத்தில் சிலர் வானளாவ விலை கேட்டிருப்பதை உன் தம்பி எனக்குக் காட்டினான். கேட்ட விலை விலையே இல்லை. ஏலம் முடிந்து, காசு கைமாறிய விலையைத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து என் கணக்கைச் சொல்கிறேன்: 4,000 வெள்ளிக்குக் கீழே இறங்காதே. பொறுமை இருந்தால் இன்னும் ஏறும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதப்படுத்தாத பலகைப் பெட்டியில் சரக்கு அனுப்பினால் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற அனைத்துலக விதி குறுக்கே வரும். பலகைக்கு வெப்பமோ புகையோ ஊட்டி, முத்திரை குத்த வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பலகையில் புது முத்திரை குத்தினால் அதைத் தேடி வாங்குபவருக்கு வயிறு எரியும். ஆகையால் இங்கேயே, பினாங்கிலோ ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ, நேரில் வந்து பார்த்து எடுத்துப் போகும் ஆளைத் தேடுவதுதான் நல்லது.

இனி நான் மிகவும் யோசித்த விஷயம். பெட்டியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் உன் அப்பா அரிவாள், சைக்கிள், ஸ்டோர் தராசு இவற்றோடு இந்தப் பெட்டிக்கும் பொட்டு வைத்திருக்கிறார். குங்குமம் மரத்தின் ரேகைக்குள் இறங்கிக் கறுத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்துவிடலாமா என்று உன் தம்பி கேட்டான். கூடாது என்று கையைப் பிடித்துவிட்டேன். துடைத்தால் மூடியிலுள்ள அச்செழுத்தும் சேர்ந்து போகும், அது ஒரு காரணம். அதைவிட, அந்தப் பொட்டுகள்தான் இந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் காத்தார் என்பதற்குச் சாட்சி. இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைக் கறை என்று சொல்லிச் சில நூறு வெள்ளி குறைக்கலாம். குறைக்கட்டும்.

உன் அப்பா நம் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்து, ஊர் ஊராகத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை விட்டு வெளியேறிய காலம். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். நம் தோட்டமும் கைமாறியது. ஆற்றுக்கு அக்கரை டிவிஷனுக்குச் சாமான் கொண்டுபோக வாங்கிய எஞ்சின் இது. படகு நிலத்தோடு போய்விட்டது, எஞ்சினைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் கடிதமும் பில்லோடு இருந்தது. அது மிக முக்கியம். எஞ்சின் முறையாக உன் குடும்பத்துக்கு வந்தது என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். படகில்லாத மனிதர் படகு எஞ்சினை இத்தனை ஆண்டு பூசை செய்து காத்தாரே என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. விற்பதுதான் உங்கள் முடிவு என்றால், வாங்குபவர் அந்தக் கதையையும் கேட்டு வாங்குபவராக இருக்கட்டும்.

தம்பி ஒரே ஒருமுறை டிரம்மில் தண்ணீர் வைத்துக் கிளப்பிப் பார்க்க ஆசைப்படுகிறான். அவன் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் வேண்டாம் என்று நீயும் சொல். உள்ளே காய்ந்து கிடக்கும் பிஸ்டன் வளையம் சிலிண்டரைக் கீறிவிடும். கீறாவிட்டாலும், ‘ஒருமுறையும் ஓடாதது’ என்ற சொல் அந்த நிமிடமே பொய்யாகிவிடும்.

ஊர் அப்படியேதான் இருக்கிறது. ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் வீடுகள். கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் படகில் போகிறார்கள். நான் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன். ஆனாலும் காலையில் போய் உட்காராவிட்டால் சோறு இறங்குவதில்லை. அவன் கம்ப்யூட்டரைச் செருகிப் பழுது பார்க்கிறான், நான் காதால் கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

பெட்டியைக் கறையான் ஏறாதபடி செங்கல் மேல் வைத்து, பழைய பருத்தி வேட்டியால் மூடிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் போட வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். பில்லையும் துரையின் கடிதத்தையும் தம்பி உனக்குப் படம் பிடித்து அனுப்புவான். உன் அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல். காப்பிக்கடைக்காரர் சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதற்கு முன்பே சொல்லிவிடு, அவருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரன்