பில்லில் எண்களை எழுதித் தாருங்கள்: டயர், அலாய் வீல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் டயர், அலாய் வீல் கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கமுங்க.

நீங்கள் மாட்டி அனுப்புகிற வண்டிகளில் ஆட்டம் நிற்காதவை கடைசியில் எந்தப் பட்டறைக்கு வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும். போன வாரம் வந்தது ஒரு ஸ்விஃப்ட். நான்கும் புது அலாய். எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் கைக்குள்ளேயே நடுங்குகிறது. மாட்டிய கடையில் மூன்று தடவை பேலன்சிங் போட்டு, மூன்று தடவையும் காசு வாங்கிக்கொண்டு, கடைசியில் "ரோடு சரியில்லீங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழி அவிநாசி ரோட்டின் தலையில்.

வீலைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கியது. அந்தக் காரின் ஹப், அதாவது வீலின் நடுத்துளை உட்காரும் உருளை, 54.1 மில்லிமீட்டர். வீலின் நடுத்துளை 73.1. சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் சந்து, ஒரு பென்சில் தாராளமாகப் போகும். அங்கே இருக்கவேண்டிய வளையம் இல்லை. வெளிவீல்கள், அதாவது கார் கம்பெனி கொடுக்காமல் வெளியே வாங்குபவை, பல கார்களுக்கும் பொதுவாகப் பெரிய துளையோடுதான் வரும், அதில் குற்றமில்லை. 73.1-க்கு 54.1 என்று வளையம் போட்டால் வீல் ஹப்பின் மேல் நேராக உட்காரும். போடாவிட்டால் நட்டுகள் இழுத்த பக்கம் உட்காரும். அரை மில்லிமீட்டர் விலகினாலே வேகத்தில் ஆட்டம் தெரியும்.

மூன்று தடவை பேலன்சிங் போட்டும் ஏன் தீரவில்லை என்பதுதான் வேடிக்கை. பேலன்சிங் மெஷினில் வீலை நடுத்துளையில் கோன் கொடுத்துப் பிடிக்கிறோம். அங்கே வீல் சரியான மையத்தில் சுற்றும், திரையில் பூஜ்யம் வரும். காரில் அதே வீல் மையம் விலகிச் சுற்றும். இன்னும் முப்பது தடவை போட்டாலும் மெஷின் பூஜ்யம்தான் காட்டும். நான்கு வளையத்தின் விலை ஒரு டயர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதை மாட்ட ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஹப்பின் உதட்டில் மட்டும் லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டில் தடவக்கூடாது. மரையில் கிரீஸ் பட்டால் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபட்டு நீண்டுவிடும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். வீல் விற்கும்போது பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, ரிம் அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வீல் ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), வீல் தாங்கும் கிலோ, நட்டின் மரை ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதித் தாருங்கள். எழுத உட்கார்ந்தால் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

நட்டு விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். ஸ்விஃப்டின் ஸ்டட் 12-க்கு 1.25 மரை, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 12-க்கு 1.5. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். கையில் சுற்றுகிறவனுக்கு அது அப்போதே தெரியும். நட்டு முடுக்கும் கன்னை வைத்து 'டர்ர்' என்று ஏற்றுகிறவனுக்குத் தெரியாது, மரையை வழித்துக்கொண்டே உள்ளே போய்விடும். மேற்சொன்ன வண்டியில் ஒரு ஸ்டட் அப்படித்தான் போயிருந்தது. 1.25 மரையில் நட்டு குறைந்தது ஒன்பது பத்துச் சுற்றாவது கையால் உள்ளே போகவேண்டும், 1.5 என்றால் எட்டு. நட்டின் இருக்கையும், அதாவது அது வீலில் பதியும் முகமும், பொருந்தவேண்டும். ஹோண்டாவின் கம்பெனி வீல் உருண்டை இருக்கை, வெளிவீல் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள், நடுராத்திரியில் ஸ்டெப்னி மாட்டுகிறவருக்கு அவை வேண்டும். சின்ன கார்களில் முறுக்கு ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், சரியான எண் வண்டியின் புத்தகத்தில் இருக்கிறது. டார்க் ரென்ச்சால், எதிரெதிர் நட்டாக. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. சங்ககிரி லாரிக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், அவருக்கு இது பழக்கம். கார் கடைகளில்தான் வழக்கொழிந்துவிட்டது.

எட்டு ஓட்டை வீல்களை எல்லாக் காருக்கும் ஆகும் என்று விற்கிறீர்கள். அதில் ஒரு வரிசையின் பிசிடி 100 என்றால் மற்றது 108 ஆகவோ 114.3 ஆகவோ இருக்கும். ஃபியட் லீனியாவுக்கு 98 வேண்டும். 100 வீலை அதில் நட்டு போட்டு இறுக்கிவிடலாம், ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லிமீட்டர் வளைந்து நிற்கும். அப்புறம் ஆஃப்செட். 5.5 அங்குல, 45 ஆஃப்செட் வீலுக்குப் பதிலாக 7 அங்குல, 35 ஆஃப்செட் போட்டால் வெளிவிளிம்பு 29 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்விளிம்பு 9 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே வந்ததைப் பார்த்து 'செம லுக்' என்கிறோம். வீல் பேரிங்குக்கு அந்த லுக் தெரியாது, அது சீக்கிரம் சத்தம் போடும்.

டயர் அளவில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்டுக்குக் கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14-இன் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) விட்டம் 619.6 மில்லிமீட்டர், 185/65 ஆர்15-இன் விட்டம் 621.5. ஏறக்குறைய ஒன்றுதான். அதே ரிம்மில் 205/65 போட்டால் 647.5. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 104-இல் ஓடும், முழு லோடில் ஸ்டீயரிங் ஒடித்தால் உரசும். 16 அங்குல ஆசையில் 185/55 போட்டால், டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இண்டெக்ஸ் 88-லிருந்து 83-க்கு இறங்குகிறது. 560 கிலோ தாங்கிய இடத்தில் 487. அந்த டயர் கெட்டதல்ல, அதற்கென்று செய்த காருக்கு நல்லது. ஐந்து பேரும் பெட்டியுமாகத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிற காருக்கு அந்த 73 கிலோ வேண்டும். டயர் பக்கவாட்டின் நான்கு இலக்கத்தையும் பில்லில் சேருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். 'புது ஸ்டாக்' என்ற வாய்வார்த்தையை அது காட்டிக்கொடுக்கும்.

விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து விற்பவர்கள் பற்றி என்ன சொல்ல? பவுண்டரி ஊர்க்காரர்களுக்கு வார்ப்பு பற்றிப் பாடம் எடுக்க வெட்கமாக இருக்கிறது. சூட்டுப் பதம் கொடுத்த அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும், விரிசல் அடுத்த பக்கத்தில் பிறக்கும். கேரண்டி கார்டில் பெயின்டுக்கு இரண்டு வருஷம் போட்டிருக்கிறது. ஸ்போக்குக்கு எவ்வளவு என்று கேட்டால் கடையில் எல்லாருக்கும் திடீரென்று போன் வந்துவிடுகிறது.

கோபம் கொஞ்சம் வழிந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லாரும் அப்படி இல்லை, ஹப்பை அளந்து பார்த்து "உங்க வண்டிக்கு இது ஆகாதுங்க" என்று விற்பனையையே விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பில் நல்லது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கப்போவது எண்களைத்தான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பில் புத்தகம் அச்சடிப்பது பற்றிப் பேசும்போது, கீழே இந்த எண்களுக்கு ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கித் தாருங்கள். தயவுசெய்து அதில் பேனாவால் எழுதுங்கள், ரப்பர் ஸ்டாம்ப் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடை வீல்களைக் கழற்றிப் பார்க்கும் ஒரு அலைன்மென்ட் பட்டறைக்காரர்