வார இறுதிக் கர்லிங் போட்டி: அணியினர் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நமக்குக் கர்லிங் ஆட்டம் (ஐஸில் கல்லைச் சறுக்கிவிட்டு இலக்கில் நிறுத்தும் விளையாட்டு) இருக்கிறது. ஓர் ஆட்டம் 8 எண்டுகள் (சுற்றுகள்), முடிய 2 மணி நேரமாவது ஆகும். அரை மணி முன்பே வந்துவிடுங்கள்.

போன முறை நாம் தோற்றதற்கு ஐஸைச் சரியாகக் கவனிக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்கு முன் தெளிக்கும் நீர்த்துளிகள் புள்ளி புள்ளியாக உறைந்து நிற்கும். ஆடஆட அவை தேயும், கல்லின் வேகமும் வளைவும் மாறிக்கொண்டே போகும். அதனால் எதிரணி விடும் கல்லையும் விடாமல் பாருங்கள். கல்லுக்கு முன்னால் ஐஸைத் துடைப்பவர்கள் வேகத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், வளைவை ஸ்கிப் (அணித்தலைவர்) பார்த்துக்கொள்வார்.

கடைசிக் கல் நம்முடையது என்றால் ஒரு புள்ளிக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டு கிடைக்காது போலிருந்தால் யாருக்கும் புள்ளி இல்லாமல் எண்டைக் காலியாக விடுவோம், அடுத்த எண்டிலும் கடைசிக் கல் நமக்கே.

அப்புறம், வெளியே போட்ட ஷூவுடன் ஐஸில் கால் வைக்காதீர்கள். ஒரு மணல் துகள் பட்டாலே கல் திசைமாறிவிடும்.

வர முடியாதவர்கள் இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள். மூன்று பேராகவும் ஆடலாம், ஆனால் முதல் இருவரும் தலா 3 கல் விட வேண்டியிருக்கும்.